நிறைந்து திரும்பிய தூக்கு

கரை மறைந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளச் சூசானம்மாளின் கண்கள் நெடுநேரம் மறுத்தன. மாதா கோயிலின் உச்சிச் சிலுவை ஒரு முள்ளளவாகத் தேய்ந்தது. பிறகு அந்த முள்ளும் கரைந்து, அது நின்ற இடத்தில் மாலை வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. அப்போதும், அது அங்கேதான் நிற்கிறது, என் கண்தான் பூத்துப்போய்விட்டது என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மனிதருக்கு இது ஒரு பழக்கம். பார்வையை விட்டுப் போனதை இல்லை என்று சொல்ல மனம் துணிவதில்லை; இருக்கிறது, இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே ஒரு வாழ்நாளை ஓட்டிவிடுகிறது. தோணியின் பின்தளத்தில், சுக்கானுக்குச் சற்று முன்னால், பழைய பாய்த்துணியை இழுத்துக் கட்டி அவளுக்கென்று ஒரு மறைப்புச் செய்திருந்தார்கள். மூன்று பக்கமும் வெங்காய மூட்டைகள் அடுக்கியிருந்தன. வெங்காயத்தின் காரமும் அடித்தட்டில் தேங்கிய நீரின் நாற்றமும் மீனெண்ணெய் பூசிய பலகையின் வாடையும் கலந்து அவள் வயிற்றைப் புரட்டின. சரக்குத் தோணியில் பெண்பிள்ளை ஏறும் வழக்கம் தூத்துக்குடியில் இல்லை. தோணிக்குத் தலைவனான தண்டல் கயித்தான், அவள் கணவனின் உடன்பிறந்த தம்பி, அதைச் சொல்லித்தான் கடைசி வரைக்கும் தடுத்துப் பார்த்தான். "வெங்காய மூட்டைக்கு நடுவுல எப்படி மதினி படுப்பீங்க?" என்றான். "வெங்காயம் என்ன, கடிச்சா வைக்கும்?" என்றாள் அவள். "காத்து மாறுனா ஒரு ராத்திரிப் பயணம் மூணு ராத்திரி ஆகும்." "ஆகட்டும். வீட்டுல எனக்கு என்ன, பாலு பொங்கி வழியுதா?" சுற்றி நின்ற தோணிக்காரர்கள் சிரித்தார்கள். கயித்தான் மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சிரிக்காத முகம், பாய் விரித்து வாடைக் காற்றில் தோணி சாய்ந்து ஓடத் தொடங்கிய பிறகும், அவள் நினைவை விட்டு அகலவில்லை. பெண் ஏறினால் தோணிக்கு ஆகாது என்று பயப்படுகிறவன் முகமா அது? அப்படிப் பயப்படுகிறவன் கடலைப் பார்ப்பான். இவன் அவளைப் பார்த்தான்.

அவள் போவது கணவனை அழைத்துவர. தஸ்நேவிஸ் கொழும்பில் ஒரு வெங்காய மண்டியில் நிறுவைக் கணக்குப் பார்ப்பவர். கல்யாணமான மூன்றாம் வருஷம் போனவர், முதலில் வருஷம் ஒரு முறை மாதா திருவிழாவுக்கு வந்தார். பிறகு வருகை அரிதாகி, மகள் மெற்றில்டா சிறுமியாகக் கோயிலில் முதல் நற்கருணை, புதுநன்மை, வாங்கிய ஆண்டோடு நின்றுபோனது. வீட்டுச் செலவுக்கு வேண்டியது மட்டும் தவறாமல் வந்தது. அந்த மெற்றில்டாவுக்கு இப்போது மணப்பாட்டில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. தவசு காலம் பிறந்துவிட்டால் கோயிலில் கல்யாணம் நடக்காது. அதற்கு முந்திய திங்கட்கிழமை என்று நாள் குறித்தாயிற்று. பேசி முடித்துக் கையலம்பிய பிறகு மாப்பிள்ளையின் தாய் மெல்லச் சொன்னாள்: "தகப்பன் உசுரோட இருக்கையில வேற ஆளு கையிலிருந்து பொண்ண வாங்குற வழக்கம் எங்க குடும்பத்துல இல்ல, சம்பந்தி. கோயில் வாசப்படியில அவரு நிக்கணும். அவரு கையாலதான் எங்க பையன் கையப் பிடிக்கணும். இல்லன்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க." பேச்சு இனிப்பாகத்தான் இருந்தது. இனிப்பான பேச்சுக்குள் இருந்த கத்தியைச் சூசானம்மாள் கண்டுகொண்டாள். கணவனுக்குக் கயித்தானிடம் இரண்டு முறை சொல்லியனுப்பினாள். இரண்டு முறையும் கயித்தான், "பாக்கலாம்னாரு மதினி" என்ற ஒரே பதிலோடு வந்தான். பார்க்கலாம். மகளின் கல்யாணத்தைப் பார்க்கலாம். எதைப் பார்க்க வேண்டும்? யாரைக் கேட்டுப் பார்க்க வேண்டும்? எந்த மனிதனுக்குத் தன் மகளைக் கைபிடித்துக் கொடுக்க இன்னொருவன் சம்மதம் தேவை? முதலாளி விடமாட்டான் போலும். முதலாளி காலில் விழுந்தாவது கூட்டிவருவேன். அவள் நினைப்பு இங்கே வந்து முட்டி நிற்கும். தோணி ஓர் அலையில் ஏறி இறங்கும். முட்டிய இடத்திலிருந்து நினைப்பு மீண்டும் தொடங்கும்: வருவாரா, வரமாட்டாரா, வராவிட்டால் மெற்றில்டாவின் முகத்தை எந்த முகத்தோடு பார்ப்பேன்.

இருள் கவிந்ததும் தோணிக்காரர்கள் பாய்மரத்தடியில் கூடிச் செபமாலை சொன்னார்கள். கடலின் நடுவில் அந்தக் குரல்கள் கோயிலில் கேட்பதைவிட உண்மையாக ஒலிப்பதாக அவளுக்குத் தோன்றியது. கரையில் சொல்லும்போது வாய் சொல்கிறது, இங்கே பயம் சொல்கிறது. செபம் முடிந்ததும் பண்டாரி சலமோன், தோணியில் சமையல் பார்க்கும் கிழவர், சுக்குக் கருப்பட்டிக் காப்பியை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார். "குடிங்கம்மா. வாந்தி நிக்கும். நிக்கலைன்னா என்னத் திட்டாதீங்க, கடலத் திட்டுங்க." "உங்க காப்பியக் குடிச்சுத்தான் எல்லாரும் இப்படிக் கருத்துப் போனாங்களோ, அண்ணே?" என்றாள். "நான் பொறக்கும்போது செவப்பு. தண்டல் ஏசி ஏசித்தான் கருத்தேன்" என்று சொல்லிவிட்டுக் கிழவர் நகர்ந்தார். அவள் சிரித்தாள், வயிறும் சற்று அடங்கியது. அந்த நேரத்தில்தான் கயித்தான் சுக்கானில் இருந்தபடியே, அவளைப் பாராமல், முன்னால் இருந்த இருட்டைப் பார்த்துச் சொன்னான்: "மதினி, கொழும்பு போனதும் நீங்க இறங்க வேண்டாம். தோணியிலயே இருங்க. சரக்கெடுக்க அண்ணன் எப்பவும் படகுல வருவாரு. இங்கயே பேசிக்கிடுவோம். அங்க ஒரே சனம், வெயிலு. உங்களுக்குத் தோதுப்படாது." "தங்கியிருக்க எடத்தப் பாக்க வேண்டாமா? இத்தன வருசம் எங்க சாப்பிட்டாரு, எங்க படுத்தாருன்னு ஒரு தரம் பாத்துட்டு வாரேனே." "பாக்குறதுக்கு என்ன இருக்கு, கடைக்குப் பின்னால ஒரு அறை" என்றான். சொல்லி முடிக்குமுன்பே எழுந்து பாயின் கயிற்றை இழுத்துச் சரிசெய்யப் போய்விட்டான். கயிறு சரியாகத்தான் இருந்தது. தோணி ஓட்டம் அறியாத அவளுக்கும் அது தெரிந்தது.

ஏன் இறங்கக் கூடாது? இந்தக் கேள்வி அவளுக்குள் ஒரு முள்ளாக விழுந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு நூல் ஆழம் இறங்கியது. வியாதியோ? இருமி இருமி இளைத்து, பார்க்க முடியாத உருவமாகி, அதனால்தான் ஊருக்கே வராமல் இருக்கிறாரோ? குடித்துக் கெட்டுப்போனாரோ? இல்லை, இல்லை, குடிகாரன் வீட்டை இப்படி மறக்காமல் இருக்கமாட்டான். மறக்கவில்லை என்பதற்கு அவளிடம் சாட்சி இருந்தது, அவள் கையால் ஏந்திய சாட்சி. தோணி புறப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு பித்தளைத் தூக்கில் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கோ, பொரிவிளங்காய் உருண்டையோ போட்டுக் கயித்தானிடம் கொடுத்தனுப்புவாள். தூக்கு திரும்பி வரும்போது ஒருநாளும் வெறுமையாக வந்ததில்லை. அண்டை வீட்டுப் பாத்திரம் நம் வீட்டுக்கு வந்தால் அதைக் கழுவி, ஒரு பிடி அரிசியோ ஒரு துண்டு கருப்பட்டியோ உள்ளே வைத்துத்தான் திருப்ப வேண்டும்; வெறும் பாத்திரம் வெறும் மனசு என்று அவளை வளர்த்த அத்தை சொல்லியிருந்தாள். அந்த முறையை அவர் அங்கே, தனியாகக் கிடக்கிற மண்டியறையில், கடைபிடிக்கிறார். ஒரு முறை அந்நாட்டுக் கித்துள் பனையின் கருப்பட்டி வந்தது. ஒரு முறை ஏலக்காயும் கிராம்பும் வந்தன. ஒரு முறை தொதல் என்னும் இனிப்பு, எண்ணெய் மின்னக் கருப்பாய், விரலில் ஒட்டும் தொதல். தெருவில் கணவன் அருகில் இருந்தும் அன்பைக் காணாத பெண்களிடம் அவள் அதைப் பெருமையாகக் காட்டுவாள். "கடலுக்கு அந்தப்பக்கம் இருந்தா என்ன? தூக்க வெறுமையா அனுப்ப மாட்டாரு எங்க வீட்டுக்காரரு" என்பாள். அவர்கள் தலையசைப்பார்கள். "அது மனசுல இருக்கணும்ல" என்பார்கள். அவள் ஒவ்வொரு துணுக்காக மெற்றில்டாவின் வாயில் வைத்து, "அப்பா அனுப்புனது, கீழ போடாம சாப்பிடு" என்று சொன்ன மாலைகள் எத்தனை. வியாதிக்காரனோ குடிகாரனோ அப்படிச் செய்வானா? செய்யமாட்டான். ஆகவே அவர் நலமாக இருக்கிறார். நலமாக இருக்கிறவர் தங்கும் இடத்தை நான் ஏன் பார்க்கக் கூடாது?

காற்று சற்றே பலத்தது. பாய் ஒரு முறை படபடத்து நிறைந்தது. முன்பக்கத்தில் யாரோ அடித்தட்டு நீரை இறைத்துக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தார்கள், சளப், சளப் என்று ஒரே தாளத்தில். அந்தத் தாளத்தில் அவள் கண் அயர்ந்தது. அயர்ந்த கண்ணுக்குள் தூக்கின் உட்புறம் தெரிந்தது. கருப்பட்டியை வெறுமனே போட்டிருக்கமாட்டார்கள். அடியில் ஒரு வாழையிலைத் துண்டு இருக்கும், பச்சையாக அல்ல, நெருப்பில் வாட்டி மெதுவாக்கியது. விரிந்து கிழியாமல் நாலு மூலையும் மடித்து, வாழைநாரால் ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டிருக்கும். முடிச்சை இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும். அவள் அதை எத்தனை முறை அவிழ்த்திருக்கிறாள். அவிழ்க்கிற விரலுக்கு ஒரு நாளும் தோன்றாதது இப்போது, இந்த நடுக்கடலில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில், தலையை மூட்டையில் சாய்த்திருக்கையில் தோன்றியது: இலையை வாட்டியது யார்? தன் குடிநீரைத் தானே ஒரு முறைகூட மொண்டு குடிக்காத மனிதர் அவர். கல்யாணமான புதிதில் எதிர்வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அவரை அனுப்பினாள். கையில் இருந்த வெல்லத் துண்டைக் கிண்ணத்தில் வைக்க மறந்துபோய், வழியிலேயே தின்றுவிட்டு, வெறும் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். அவள் கோபித்துக்கொண்டபோது, "இதெல்லாம் பொம்பளைங்க போட்ட சட்டம். ஆம்பளைக்கு எங்க தெரியும், யாருக்கு ஞாபகம் இருக்கும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அழகாக இருந்ததால் அவள் கோபத்தை விட்டுவிட்டாள். அந்த வெல்லம் தின்ற வாயும், நார் முடிச்சுப் போட்ட விரலும், ஒரே மனிதனுடையவையா? அவள் எழுந்து உட்கார்ந்தாள். அது ஆண் கைக்குத் தெரிந்த வேலை அல்ல. அது ஒரு வீட்டின் வேலை. அடுப்புள்ள ஒரு வீட்டின் வேலை.

ஓர் ஊர்க் கோயிலில் மணி விரிசல் விட்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காலையும் அது உடைந்த குரலில் ஒலித்தது. ஊரார் அனைவருக்கும் காது இருந்தது. ஆனால் அந்த மணியை நேர்ச்சையாகக் கொடுத்தவள் அதே தெருவில் குடியிருந்தாள். அவள் மனம் புண்படுமே என்று ஒருவரும் சொல்லவில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் அவளைப் பார்த்து, "என்ன கணீர்" என்றார்கள். அவளும் நாளடைவில் அந்த உடைந்த ஒலியையே கணீர் என்று கேட்கப் பழகினாள். அப்படியானால் செவிடு யார்? அவளா, ஊரா? நல்லவர்கள் என்று பெயரெடுக்க விரும்புகிறவர்களே, உங்களைத்தான் கேட்கிறது இந்தக் கதை. ஒருத்தியின் மனம் நோகாதிருக்க நீங்கள் பேசாமல் விழுங்குகிற உண்மை உங்கள் வயிற்றில் செரித்துவிடும். அவள் வயிற்றில்தான் அது கல்லாகக் கிடக்கும். சூசானம்மாள் அந்தத் தலையசைப்புகளை ஒவ்வொன்றாக மீண்டும் பார்த்தாள். "அது மனசுல இருக்கணும்ல" என்று சொன்ன எதிர்வீட்டுக்காரி, சொல்லிவிட்டு ஏன் அவ்வளவு விரைவாக உள்ளே போனாள்? பாவசங்கீர்த்தனத்தில் கணவனைப் பற்றி ஒரு வார்த்தை முறையிட்டபோது, "பொறுமையாய் இரு மகளே, பொறுமை பெரிய புண்ணியம்" என்ற பங்குச் சாமியாருக்கும் தெரியுமோ? தோணி போகிற ஊர், தோணி வருகிற ஊர். ஒரு கரையின் சமையல் வாசம் மறுகரைக்குத் தெரியாமல் இருக்குமா? எல்லாருக்கும் தெரியும். காற்றுக்குத் தெரியும். பாய்மரத்தடியில் குறட்டை விடுகிற சலமோனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. தெரியாததற்குக் காரணம் அவள் மூடத்தனமா, அவள் பெருமையா? பெருமைதான் என்று உள்ளே ஒரு குரல் இரக்கமில்லாமல் சொன்னது.

அவள் பாய்த்துணியை விலக்கிக்கொண்டு, மூட்டைகளைப் பிடித்துப் பிடித்து, சுக்கானருகே போய் உட்கார்ந்தாள். கயித்தான், "தூக்கம் வரலையா மதினி?" என்றான். அவள் சுற்றிவளைக்கவில்லை. "கொழுந்தனாரே, தூக்க நிரப்பிக் குடுக்கிறது யாரு?" என்றாள். சுக்கான் மரம் கிறீச்சிட்டது. அவன் திரும்பிப் பார்த்தான், பிறகு நட்சத்திரத்தைப் பார்த்தான். "என்ன கேக்கீங்க?" "காதுல விழுந்துச்சு உமக்கு. நான் கொடுக்கிற தூக்க நீரு யாரு கையில குடுக்கீரு, யாரு கையிலருந்து வாங்குறீரு?" அவன் சுக்கானைச் சற்றே திருப்பி, வந்த அலை ஒன்றைத் தோணிக்கடியில் போகவிட்டான். "அவ பேரு மார்சலீன்" என்றான் கடைசியில். "நீர்கொழும்புப் பக்கம். நம்ம வேதந்தான்." "நம்ம வேதத்துல ரெண்டு கலியாணம் எப்ப வந்துச்சு?" "கலியாணம்னு ஒண்ணும் நடக்கல மதினி." "பிள்ளைங்க?" "மூணு. கடைசிக் குழந்தை இப்பத்தான் பொறந்துச்சு. அதான் அண்ணன் பாக்கலாம்னாரு. வேற ஒண்ணுமில்ல." வேற ஒண்ணுமில்ல. அவள் அந்த வார்த்தையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவள் போலக் குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அவனோ அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, சுமை இறங்கினவனின் அவசரத்தோடு பேசினான். "நீங்க கவலைப்படாதீங்க. இப்பக் கூப்பிட்டா வருவாரு. மக கலியாணத்துக்கு வராம இருப்பாரா? வந்து கோயில் வாசல்ல நிப்பாரு. நீங்க மட்டும் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துட்டாப் போதும், எல்லாம் நல்லபடியா முடியும். இத்தன நாளு முடியலையா?" "முடிஞ்சுது" என்றாள் அவள். "நீரு நல்லா முடிச்சுக் குடுத்தீரு. இந்தக் கையில வாங்கி அந்தக் கையில குடுத்து." "நான் என்ன செய்யட்டும்? அண்ணன விட்டுக் குடுக்கவா? உங்க மனசு ஒடையட்டும்னு சொல்லவா?" "என் மனசு உம்ம தோணிச் சரக்கா, ஒடையாமக் கொண்டுபோய்ச் சேக்க?" அவன் தலை கவிழ்ந்தான். நல்ல பிள்ளைதான். காய்ச்சல் கண்டபோது வைத்தியரை அழைத்து வந்தவன். மெற்றில்டாவைத் தோளில் சுமந்து திருவிழா காட்டியவன். அப்படிப்பட்ட நல்லவன் சொல்லிய பொய்தான் கெட்டவன் சொல்லும் பொய்யைவிட ஆழமாக வேர் பிடிக்கிறது; பிடுங்கினால் மண்ணும் சேர்ந்து பெயர்கிறது.

மறைப்புக்குத் திரும்பி அவள் அழ முயன்றாள். அழுகை வரவில்லை, வெங்காயம்கூட உதவவில்லை என்று நினைத்து, அந்த நினைப்புக்காகத் தன்னையே வெறுத்தாள். அந்த மார்சலீன் இலையை வாட்டும்போது என்ன நினைத்தாள்? ஏளனமா? உன் புருஷனை எடுத்துக்கொண்டேன், இந்தா ஒரு துண்டு கருப்பட்டி என்றா? இரக்கமா? அதற்கு ஏளனமே மேல். அல்லது அவளுக்கும் ஓர் அத்தை இருந்து, வெறும் பாத்திரத்தைத் திருப்பாதே என்று சொல்லி வளர்த்திருப்பாளோ? அப்படியானால் இத்தனை வருஷமாக இரண்டு பெண்கள் ஒரு கடலின் இரு கரையிலிருந்து முறை தவறாமல் கொடுத்தும் வாங்கியும் வந்திருக்கிறார்கள். நடுவில் நின்ற மனிதன் எதையும் கொடுக்கவில்லை, தின்றது மட்டும்தான் அவன் செய்தது. எல்லாரிலும் என்னிடம் பொய் சொல்லாதவள் அவள் ஒருத்திதான் என்று தோன்றியது. உடனே அந்த எண்ணத்தைத் தள்ளினாள், அது மீண்டும் வந்தது, மீண்டும் தள்ளினாள். சரி, அதை விட்டுவிடு, நாளைக்கு நடக்கப்போவதைப் பார் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நாளைக்கு அவர் படகில் வருவார். சிரிப்பார். வருகிறேன் என்பார். வாசப்படியில் பட்டுக்கரை வேட்டியோடு நிற்பார். மணப்பாட்டுச் சம்பந்தி மகிழ்வாள். ஒரு சொல்லும் பேசாமல் இருந்தால் போதும், கல்யாணம் நடந்துவிடும். அவர் கை மெற்றில்டாவின் கையைப் பிடித்து அந்தப் பையன் கையில் வைக்கும். இங்கே நினைப்பு சிக்கியது. அந்தப் பையனுக்கும் கொழும்பில்தான் உத்தியோகம், கப்பல் ஆபீசில். கல்யாணமான மறுமாதம் போவான். மெற்றில்டா மணப்பாட்டில் மாமியாரோடு இருப்பாள். அவளும் எதையோ செய்து கொடுத்தனுப்புவாள். அதுவும் நிறைந்து திரும்பி வரும். அவளும் நாலு பேரிடம் காட்டுவாள், அவர்களும் தலையசைப்பார்கள். பேசினால் கல்யாணம் நின்றுபோகலாம். பேசாவிட்டால் கல்யாணம் நடக்கும், பிறகு இதுவும் நடக்கும். நின்றுபோனால் மெற்றில்டா என்னை மன்னிப்பாளா? மன்னிக்கமாட்டாள், உடனே மன்னிக்கமாட்டாள். என்னை இவருக்குக் கட்டிக்கொடுத்தவர்களை நான் மன்னித்தேனா என்று இப்போதல்லவா கேட்டுக்கொள்கிறேன். அப்படியே விடியும் வரை நினைப்பில் போனாள், வந்தாள். தோணி மட்டும் ஒரே திசையில் போயிற்று.

வெளுத்தபோது கிழக்கில் ஒரு நீலக் கோடு தெரிந்தது. பிறகு அது தென்னைகளாயிற்று, பிறகு அலைதாங்கிச் சுவரும் வெள்ளைக் கட்டடங்களும் ஆயிற்று. இத்தனை அருகிலா இந்தத் தேசம் என்று அவள் வியந்தாள். ஒரு ராத்திரி. எந்த ராத்திரியிலும் அவள் புறப்பட்டு வந்திருக்கலாம். முகம் கழுவி, கொண்டையை முடிந்து, சேலையைத் திருத்திக்கொண்டு கயித்தானிடம் போனாள். "கோயில் வாசல்ல நீரு நிப்பீரு" என்றாள். அவன் விழித்தான். "அண்ணன் வந்தா?" "வந்தா, வந்த சனத்தோட சனமா உக்காருவாரு. மணப்பாட்டுக்காரங்க தகப்பன் எங்கன்னு கேட்டா நீருதான் சொல்லணும். மறைக்காமச் சொல்லணும். ஊருக்குப் போன மறுநாளே சொல்லணும், வாசப்படி வரைக்கும் காத்திருக்கக் கூடாது. மெற்றில்டாட்ட நான் சொல்லிக்கிடுதேன்." "கலியாணம் நின்னுபோகும் மதினி." "போனாப் போகட்டும். தெரிஞ்ச பிறகும் பொண்ணு கேட்டா, அதுக்குப் பேரு கலியாணம்." "அண்ணன என்னான்னு நெனைப்பாங்க?" "இப்ப என்னை என்னான்னு நெனைக்காங்க?" அவன் திரும்பி, பாயை இறக்கச் சொல்லிக் குரல் கொடுத்தான்.

நங்கூரம் விழுந்ததும் துறைமுகப் படகு ஒன்று தோணியை நோக்கி வந்தது. அதன் முனையில் குடை பிடித்து நின்ற மனிதரை அவள் முதலில் அடையாளம் காணவில்லை. சற்றுப் பருத்து, முன்தலை வழுக்கை விழுந்து, நன்றாகச் சலவை செய்த வேட்டியில், வேளாவேளைக்கு உண்டு உறங்குகிற உடம்போடு இருந்தார். சூசானம்மாள் திரும்பி, "சலமோன் அண்ணே, வாடாத வெத்தல இருக்கா? ஒரு தட்டும் குடுங்க" என்றாள். கிழவர் யாருக்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். தட்டில் வெற்றிலையும் பாக்கும் வைப்பதைக் கயித்தான் பார்த்துவிட்டான். கல்யாண வீட்டிலிருந்து ஊரெல்லாம் வெற்றிலை வைத்து அழைப்பார்கள். உறவுக்கும் வைப்பார்கள், பகைக்கும் வைப்பார்கள். பெண்ணின் தகப்பனுக்கு மட்டும் யாரும் வைப்பதில்லை, அழைக்கிற வீடே அவனுடையது. "மதினி, வேண்டாம்" என்றான் அவன், மிகவும் தணிந்த குரலில். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தஸ்நேவிஸ் கயிற்றேணியில் ஏறித் தளத்துக்கு வந்தார், அவளைக் கண்டார், திகைத்தார், பிறகு சிரித்தார். அதே அழகான சிரிப்பு. "சூசானா, நீயா? இந்தத் தோணியிலயா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே..." அவள் தலைமுந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரின் வாசலில் நிற்பவள் போல, தட்டை இரு கையாலும் முன்னால் நீட்டினாள்.

"எங்க மக மெற்றில்டாவுக்கு வார திங்கட்கிழமை கோயில்ல கலியாணம் வச்சிருக்கு. நீங்க அவசியம் வரணும். வீட்டுல மார்சலீன் அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிட்டு, குடும்பத்தோட வரணும்."

ஆயிரம் வீட்டு வெற்றிலை வாங்கிப் பழகிய கைகள் அவை. வார்த்தை காதுக்குள் போய்ச் சேருமுன்பே, தாமாக எழுந்து, தட்டை வாங்கிக்கொண்டன. அதன் பிறகுதான் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கத் தொடங்கியது. அவர் அவளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், கையிலிருந்ததைப் பார்த்தார். கீழே வைக்க ஓர் இடம் தேடுகிறவர் போலச் சுற்றுமுற்றும் பார்த்தார். தோணிக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கின வெற்றிலையைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அவர்கள் கரையில் இல்லை.